பகல் வகுப்பில் இரவு வானம்

திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலை பதினொன்றரை மணி அடிக்கும்போது, ஹவாய்த் தீவுகளில் முந்தைய நாள் இரவு எட்டு மணி. இரண்டு இடங்களுக்கும் பதினைந்தரை மணி நேர வேறுபாடு. மவுயி தீவில், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஹலேயகாலா எரிமலையின் உச்சியில் அப்போது நன்றாக இருட்டியிருக்கும். அங்கேயுள்ள தொலைநோக்கிகள் வேலையைத் தொடங்கியிருக்கும். அவற்றில் ஒன்று 2 மீட்டர் ஆடி கொண்ட ஃபால்க்ஸ் தொலைநோக்கி. பிரிட்டனின் பள்ளிக் குழந்தைகள் காலை வகுப்பில் உட்கார்ந்தபடியே நள்ளிரவு வானத்தைப் படமெடுக்க வேண்டும் என்பதற்காகவே அதை அந்தத் தீவில் வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் சித்தூர், திருப்பதிக் குழந்தைகளுக்கும் அந்தத் தீவு நல்ல இடத்தில்தான் இருக்கிறது. பதினொன்றரைக்குப் பிறகு நம் பள்ளி நேரம் முழுவதும் அங்கே இரவு.

வானியலைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதில் பழைய சிக்கல் ஒன்று உண்டு. வேதியியல் ஆய்வகம் பகலில் திறந்திருக்கும்; வானம் இரவில்தான் திறக்கும். மாலை நான்கரைக்குப் பேருந்தைப் பிடித்து ஊர் திரும்பும் பிள்ளைகளை இரவு ஒன்பது மணிக்கு மறுபடி பள்ளிக்கு வரச் சொல்ல முடியாது. பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்பமாட்டார்கள். அதற்காகப் பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. பருவமும் ஒத்துழைப்பதில்லை. ஜூனில் பள்ளி திறந்தால் தென்மேற்குப் பருவ மேகம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வானம் துடைத்துவிட்டாற்போலத் தெளியும் ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆக, வானியல் புத்தகத்தின் ஓர் அத்தியாயமாகவே நின்றுவிடுகிறது. கோள்களின் வரிசையை மனப்பாடம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஒரு வான்பொருளின் இடத்தைத் தானே அளந்தவர்கள் மிகச் சிலர்.

தொலைவழிக் கல்வி இந்தச் சிக்கலுக்கு ஒரு மாற்று ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். நேரில் கிடைக்காததால் திரையில் பார்த்துக்கொள்வது என்ற பொருளில். வானியலைப் பொறுத்தவரை இந்த எண்ணம் சரியல்ல என்பதே என் கருத்து. வானியலில் தூரம் என்பதே ஒரு கருவி. ஓரிடத்திலிருந்து மட்டும் பார்த்தால் விளங்காத பல உண்மைகள் இரண்டு இடங்களிலிருந்து பார்த்து ஒப்பிட்டால்தான் விளங்கும். வானியலாளர்கள் இதை நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அதற்கு மிக நல்ல சான்று சித்தூர் மாவட்ட எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் இடத்தில் நடந்தது.

குப்பத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் கிழக்கே, தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில், 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். இன்று அவர் பெயராலேயே வழங்கும் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடக்கவிருந்தது. விண்மீனின் ஒளி எப்போது மறைகிறது, எப்போது மீள்கிறது என்று அளந்தால் கோளின் வளிமண்டலத்தையும் விட்டத்தையும் பற்றிச் சொல்லலாம். காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். எதிர்பாராத நேரத்தில் விண்மீனின் ஒளி சில விநாடிகள் குறைந்து மீண்டது. யுரேனஸுக்கு இதுவரை தெரியாத ஒரு நிலவு இருக்கிறது, அதுதான் விண்மீனை மறைத்தது என்று அவர்கள் கருதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த அமெரிக்காவின் கைப்பர் வான்வழி ஆய்வகத்திலும் ஒளி குறைந்தது. அங்கே ஒரு முறை அல்ல, கோளின் இரு பக்கமும் பல முறை, அதுவும் ஒத்த தூரங்களில். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் பதிவு கிடைத்தது. எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது: மறைத்தது நிலவு அல்ல, வளையங்கள். சனிக்கு மட்டுமே வளையம் என்றிருந்த பாடப்புத்தகம் அன்று மாறியது.

காவலூரின் அளவீட்டில் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் பார்த்தது யுரேனஸின் வளையத்தைத்தான். ஆனால் ஓரிடத்தின் தரவு ஒரு நிலவையும் ஒரு வளையத்தையும் பிரித்துக்காட்டப் போதவில்லை. சித்தூர்ப் பிள்ளைகளுக்கு வானியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் எவரும் இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். பக்கத்து மலையில் நடந்தது. உலகம் முழுவதும் சேர்ந்து முடித்தது.

இன்னொரு மாற்றமும் நம் கண்முன்னே நடந்துவிட்டது. தொலைநோக்கியின் அருகில் வானியலாளர் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் காற்றில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. அதற்கு வான் இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். அதை இயக்குபவர்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில், செயற்கைக்கோள் இணைப்பின் வழியே, திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். 2018-இல் ஹான்லேயிலேயே 70 சென்டிமீட்டர் ஆடியுள்ள குரோத்-இந்தியா தொலைநோக்கி வந்தது. அது முழுக்கத் தானியங்கி. எனவே ஒரு பள்ளி மாணவி கணினியில் தொலைதூரத் தொலைநோக்கியின் படத்தைத் திறக்கும்போது, தொழில்முறை வானியலாளர் செய்வதையேதான் அவளும் செய்கிறாள்.

வெளிநாட்டில் இதன் தொடக்கம் 1990-களில். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 24 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தொலைபேசிக் கம்பி வழியே பள்ளிகள் இயக்க கில்பர்ட் கிளார்க் வழிசெய்தார். இன்று நம் கைப்பேசியில் ஒரு படம் இறங்கும் நேரத்தில் அன்று அதன் ஒரு மூலைகூட இறங்கியிராது. இருந்தும் நடந்தது. 1994-இல் பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டி என்ற சிறு ஊரின் பள்ளி மாணவிகள் இருவர், பெர்க்லியிலிருந்து நடந்த ஒரு திட்டத்தின் மூலம், எம்51 என்ற சுழல் விண்மீன்திரளின் படத்தை வேண்டிப் பெற்றிருந்தார்கள். இரண்டு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள அந்தத் திரளில் அதே நாள்களில் ஒரு விண்மீன் வெடித்தது. அந்த வெடிப்பின் மிக ஆரம்ப ஒளி அவர்கள் கேட்ட படங்களில் பதிந்திருந்தது. வெடிப்பு எப்படித் தொடங்கியது என்று ஆராய்ந்தவர்களுக்கு அந்தப் படங்கள் தேவைப்பட்டன.

வானொலி வானியலுக்கு இரவுகூட வேண்டாம். மொஹாவி பாலைவனத்தின் கோல்ட்ஸ்டோனில் விண்கலங்களோடு பேசி ஓய்வுபெற்ற 34 மீட்டர் கிண்ண ஆன்டெனா ஒன்றைப் பள்ளிகளுக்கென்றே ஒதுக்கினார்கள். காசினி விண்கலம் 2000 டிசம்பரில் வியாழனைக் கடந்தபோது, பூமியிலிருந்து அதே நேரத்தில் வியாழனின் கதிர்வீச்சுப் பட்டைகளை அளந்த பணியில் மாணவர்களுக்கும் பங்கு இருந்தது. இந்தியாவில் 2013 முதல் ஆனந்த ஹோதா நடத்தும் ராட்@ஹோம் என்ற முயற்சி, புணேக்கு வடக்கே 30 கிண்ணங்களோடு நிற்கும் பெருமீட்டர் அலை வானொலித் தொலைநோக்கியின் படங்களைக் கல்லூரி மாணவர்களிடம் இணையவழியே கொண்டுசேர்க்கிறது. வயது சற்றுக் கூடியவர்களுக்கானது. ஆனால் முறை பள்ளிக்கும் பொருந்தும்.

இப்போது பள்ளிகளுக்கு மிக எளிதாகக் கைக்கு வரும் உண்மையான வேலை சிறுகோள் தேடுதல். அமெரிக்காவின் டெக்சாஸில் ஹார்டின்-சிமன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிக் மில்லர் 2006-இல் தொடங்கிய பன்னாட்டுக் கூட்டமைப்பு இதை நடத்துகிறது. இந்தியாவில் 2010 முதல் ஸ்பேஸ் இந்தியா என்ற டெல்லி அமைப்பு அதோடு சேர்ந்து நாடளாவிய தேடல் முகாம்கள் நடத்திவருகிறது. படங்கள் பெரும்பாலும் அதே ஹலேயகாலா உச்சியிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியிலிருந்து வருகின்றன. 1.8 மீட்டர் ஆடி. 140 கோடி பிக்சல் கொண்ட கேமரா.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வானத்தின் ஒரே துண்டைக் கால் மணி, இருபது நிமிட இடைவெளிகளில் நான்கு முறை படமெடுத்திருப்பார்கள். பிள்ளைகள் அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் நான்கையும் ஏற்றி, ஒன்றன் மேல் ஒன்றாக விண்மீன்களைப் பொருத்தி, மாற்றி மாற்றி ஓடவிடுவார்கள். விண்மீன்கள் அசையாமல் நிற்கும். நடுவே ஒரு மங்கல் புள்ளி ஒவ்வொரு படத்திலும் சிறிது நகர்ந்திருந்தால் அது சூரிய மண்டலத்தைச் சேர்ந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் ஒரு சாதாரணச் சிறுகோள், ஒரு மணி நேரத்தில் முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு நகரும். திரையில் அது கண்ணுக்குத் தெரியும் நகர்வுதான்.

ஆனால் நகர்வதெல்லாம் சிறுகோள் ஆகிவிடாது. காஸ்மிக் கதிர் ஒன்று கேமராவைத் தாக்கினால் ஒரு புள்ளி விழும். பழுதான பிக்சல் ஒன்று, படங்களைப் பொருத்தும்போது நகர்வதுபோலத் தோன்றும். அப்போது பிள்ளைகள் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்கிறார்கள். புள்ளி நான்கு படங்களிலும் நேர்க்கோட்டில் இருக்கிறதா? இடைவெளிகள் நேரத்துக்கு ஏற்ற அளவில் இருக்கின்றனவா? பிரகாசம் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறதா? அதன் ஒளிப் பரவல், பக்கத்து விண்மீனின் பரவலைப் போல மலைமுகடு வடிவில் இருக்கிறதா, இல்லை ஒரே பிக்சலில் ஊசியாக நிற்கிறதா? நான்கும் சரி என்றால் ஏற்கெனவே தெரிந்த சிறுகோள்களின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலானவை அங்கேயே இருக்கும். இல்லாவிட்டால்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகு அந்தப் பொருளின் வான ஆயங்களையும் நேரத்தையும் பிரகாசத்தையும் எண்பது எழுத்து அகலமுள்ள ஒரு வரியாக எழுதி அனுப்ப வேண்டும். துளையட்டைக் காலத்திலிருந்து சிறுகோள் மையம் வைத்திருக்கும் வடிவம் அது. ஓர் எழுத்து தள்ளி விழுந்தால் வரி செல்லாது. பதினான்கு வயதுப் பிள்ளை அந்த ஒழுங்கைக் கற்பது, எந்தச் செய்முறைத் தேர்வும் தராத பயிற்சி.

இதே தேடலைக் காவலூரில் 1980-களில் கண்ணாடித் தகடுகளில் செய்தார்கள். ஆர். ராஜமோகன் தலைமையிலான குழு 1988 பிப்ரவரி 17 அன்று 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் ஒரு புதிய சிறுகோளைக் கண்டது. அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர். அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் கல்கி. இன்னும் பின்னே போனால், 1861-இல் சென்னை வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் கண்ட 67 ஏசியா. ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சிறுகோள் என்பதால் அந்தப் பெயர். சித்தூர் அன்று சென்னை மாகாணத்துப் பகுதி. மாணவர்கள் செய்வது புதுமையான பொழுதுபோக்கு அல்ல. இந்த மண்ணில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் ஒரு வேலையின் அடுத்த கட்டம்.

இதைச் சொல்லும்போது ஒரு கவலையையும் சொல்லத்தான் வேண்டும். 2020-இல் சூரத்தைச் சேர்ந்த இரண்டு பள்ளி மாணவிகள் ஸ்பேஸ் இந்தியாவின் சிறுகோள் தேடல் முகாமில் எச்எல்வி2514 என்று குறியிடப்பட்ட பொருளைக் கண்டபோது நாடே கொண்டாடியது. கொண்டாட்டம் சரி. ஆனால் செய்தித் தலைப்புகள் படிகளை விழுங்கிவிடுகின்றன. முதலில் கிடைப்பது பூர்வாங்கக் கண்டறிதல் மட்டுமே. அடுத்த சில நாள்களுக்குள் அதே பொருள் மீண்டும் பார்க்கப்பட வேண்டும். அப்போது தற்காலிகக் குறியீடு கிடைக்கும். அதன் சுற்றுப்பாதை உறுதியாகி எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகுதான் பெயர் வைக்கும் பேச்சு. முதல் படியில் கிடைக்கும் சான்றிதழைக் கையில் கொடுத்து 'நீ ஒரு கோளையே கண்டுபிடித்துவிட்டாய்' என்று பிள்ளையிடம் சொல்லும் பள்ளிகள், அறிவியல் எப்படி நடக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அந்தப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகின்றன. இருபது படத் தொகுப்புகளைக் கவனமாகப் பார்த்துவிட்டு, 'இதில் புதிதாக எதுவும் இல்லை' என்று எழுதி அனுப்பும் பிள்ளையின் வேலையும் முழு வேலைதான். தெரிந்த சிறுகோளின் இடத்தைத் திருத்தமாக அளந்து தருவதும் அப்படியே. அதன் பாதை அந்த அளவுக்குத் தெளிவாகும்.

நம் நாட்டில் தொலைவழிக் கல்விக்கு விண்வெளியிலேயே ஓர் அத்தியாயம் இருந்தது. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் ஏவப்பட்டது. 1,950 கிலோ எடை. கல்விக்கென்றே இந்தியா செலுத்திய முதல் செயற்கைக்கோள். 2010 வரை பணிசெய்தது. அந்த ஏவுதளம் 2022-இன் மாவட்டப் பிரிப்புக்குப் பிறகு திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. எஜுசாட்டின் சிறப்பே இருவழித் தொடர்புதான். தொலைவிலுள்ள வகுப்பறையிலிருந்து மாணவர் கேள்வி கேட்கலாம், ஆசிரியர் பதில் சொல்லலாம். இன்று அந்த வசதி இணையத்துக்கு வந்துவிட்டது. ஆந்திர அரசுப் பள்ளிகள் பலவற்றில் 'நாடு–நேடு' திட்டத்தின் வழியே தொடுதிரைப் பலகைகள் வந்திருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலான இணைய வகுப்புகளில் நடப்பது என்ன? ஒருவர் ஒரு மணி நேரம் பேசுகிறார். கடைசி ஐந்து நிமிடம் சந்தேகம் கேட்கச் சொல்கிறார்கள். இதை இருவழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையிடமிருந்து ஓர் அளவீடு போய், மறுமுனையில் உள்ளவர் அதைத் தன் கணக்கில் பயன்படுத்தும்போதுதான் அது இருவழியாகிறது. மறுமுனையில் இருப்பவருக்கும் விடை தெரியாத கேள்வியாக அது இருக்க வேண்டும். குறைந்தபட்சம், பிள்ளையின் எண் இல்லாமல் கணக்கு முடியாததாக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கணக்கு ஒன்றுக்குத் தொலைநோக்கியோ கணினியோ தேவையில்லை. ஒரு மீட்டர் குச்சியும் ஒரு கைப்பேசியும் போதும். கிரேக்கரான எரடோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்ததுதான். குச்சியை நேர்குத்தாக நிறுத்தி, நிழல் மிகக் குறுகும் நேரத்தில், அதாவது அந்த ஊரின் உண்மையான நண்பகலில், நிழலின் நீளத்தை அளப்பது. மார்ச் 20-ஐ ஒட்டிய சம இரவு நாளில் திருப்பதியில் அந்த நேரம் பன்னிரண்டு மணி இருபது நிமிடம். நிழல் சுமார் 24.2 சென்டிமீட்டர் இருக்கும். அதன்படி சூரியன் தலைக்கு நேர்மேலிருந்து 13.6 பாகை தள்ளி நிற்கிறது. குப்பத்தில் நான்கு நிமிடம் கழித்து 22.6 சென்டிமீட்டர், 12.75 பாகை. இரண்டு கோணங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவு. தெற்கு வடக்காகத் தூரம் சுமார் 97 கிலோமீட்டர். அந்தச் சிறு கோணத்துக்கு இவ்வளவு தூரம் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? பூமியின் சுற்றளவு வந்துவிடும்.

வரும், ஆனால் சரியாக வராது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே நிழலின் நுனி மங்கலாக, கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கலைந்திருக்கும். எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் இரண்டு மில்லிமீட்டர் பிழை நேரும். குப்பம்–திருப்பதி ஜோடியில் அந்த இரண்டு மில்லிமீட்டர், விடையைப் பன்னிரண்டு சதவீதம் புரட்டிவிடும். சுற்றளவு 35,000 என்றும் வரலாம், 45,000 என்றும் வரலாம். இப்போது கன்னியாகுமரியில் ஒரு பள்ளியைத் தொலைபேசியில் பிடியுங்கள். அங்கே பன்னிரண்டு இருபத்தேழுக்கு நிழல் 14.2 சென்டிமீட்டர், கோணம் 8.1 பாகை. வேறுபாடு ஐந்தரைப் பாகை, தூரம் 614 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 40,200 கிலோமீட்டர். துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008. அதே குச்சி, அதே இரண்டு மில்லிமீட்டர் பிழை. விடையில் தவறு இரண்டு சதவீதமாகச் சுருங்கிவிட்டது. துணைப் பள்ளி எவ்வளவு தூரமோ விடை அவ்வளவு திருத்தம். அடித்தளக் கோடு நீண்டால் அளவு கூர்மையாகும் என்ற இந்த ஒரே கருத்தைத்தான் நிலவின் தூரத்துக்கும் வெள்ளி இடைநகர்வுக்கும் விண்மீன்களின் இடமாறு தோற்றத்துக்கும் வானியல் பயன்படுத்தியது. 2004 ஜூன் 8 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பல நாடுகளின் மாணவர்களும் ஆர்வலர்களும் குறித்தனுப்பிய நேரங்களை ஐரோப்பியத் தென்வான ஆய்வகம் தொகுத்தது. சூரியனின் தூரம் 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர் என்று கிடைத்தது. ராடார் முறையில் அளந்த மதிப்புக்கு மிக அருகில்.

குச்சிக் கணக்கில் வகுப்பறைக்கு வேண்டிய இன்னொரு நேர்மையும் இருக்கிறது. கன்னியாகுமரிப் பள்ளி தவறாக அளந்தால் திருப்பதியின் விடையும் கெடும். எனவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தாரிடம், 'குச்சி நேராக நின்றதா? தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தீர்களா? தரை மட்டமாக இருந்ததா?' என்று கேட்பார்கள். தங்களிடமும் அதே கேள்வி வரும் என்று தெரிந்திருப்பார்கள். ஓர் ஆய்விதழில் ஒருவர் கட்டுரையை மற்றவர் சரிபார்ப்பது இதே காரியம்தான்.

இந்த வட்டாரத்தில் இதற்கு வேண்டிய பின்பலம் குறைவில்லை. திருப்பதி–சித்தூர் சாலையில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் பெரிய ராடார் இருக்கிறது. 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட வயல் அது. 53 மெகாஹெர்ட்ஸில் மேல்வளிமண்டலத்தைக் கேட்கிறது. 80 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்துவிழும் விண்கற்களின் தடங்களும் அதற்கு எதிரொலி தருகின்றன. விண்கற்கள் பகலிலும் விழுகின்றன என்பதை ராடார் திரையில்தான் ஒரு பிள்ளை நம்பும். அலிபிரியில் மண்டல அறிவியல் மையம் இருக்கிறது. 2015-இல் திருப்பதிக்கு ஐசரும் ஐஐடியும் வந்தன. குப்பத்தில் அகஸ்தியா அறக்கட்டளையின் 172 ஏக்கர் வளாகம். அங்கிருந்து கிளம்பும் நடமாடும் ஆய்வக வண்டிகள் கிராமப் பள்ளிகளை அறியும். இவையெல்லாம் பிள்ளைகளை அழைத்துவந்து சுற்றிக்காட்டுவதை ஏற்கெனவே செய்கின்றன. அதற்கு மேல் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: ஓராண்டு முழுக்க ஒரே பள்ளியோடு தொடர்பில் இருக்கும் ஓர் ஆய்வாளர். மாதம் ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகளின் எண்களைப் பார்த்து, எது ஏன் தவறு என்று சொல்பவர்.

மொழியையும் பேச வேண்டும். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குக் கிடைக்கும் மென்பொருளும் வழிகாட்டிக் கையேடும் ஆங்கிலத்தில். படத்தில் நகரும் புள்ளியைக் காண ஆங்கிலம் வேண்டியதில்லை. அதை ஏன் நம்பலாம், ஏன் நம்பக்கூடாது என்று வாதாடுவதற்குத் தன் மொழி வேண்டும். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1874-இன் வெள்ளி இடைநகர்வை முன்னிட்டு ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் விளக்கநூல் வெளியிட்டார். பொதுமக்கள் அந்த நிகழ்வைத் தங்கள் மொழியில் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் கருதினார். இன்று அந்த வேலை இன்னும் எளிது. ஓர் ஆசிரியர் ஓர் இருபது பக்கக் கையேட்டைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்தால் பத்துப் பள்ளிகளுக்கு உதவும்.

கிரகணமும் இங்கே ஒரு வாய்ப்பு. கிரகண நாளில் திருமலைக் கோயில் நடை சாத்தப்படுவதும், ராகு–கேது தலமான ஸ்ரீகாளஹஸ்தியில் அன்று நடை திறந்தே இருப்பதும் இவ்வட்டாரத்துக் குழந்தைகளுக்குத் தெரியும். கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கிறது, எத்தனை மணிக்கு விடுகிறது என்பது வீட்டிலேயே பேசப்படும் செய்தி. 2025 செப்டம்பர் 7 இரவு நடந்த முழு நிலவு மறைவு இந்தியா முழுவதும் தெரிந்தது. நிலவு பாதி மறைந்த நேரத்தில் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று இருந்தால், நிழலின் வளைவுக்கு ஒரு வட்டம் பொருத்தி, பூமியின் நிழல் நிலவைவிட இரண்டரை மடங்குக்கும் சற்று மேல் பெரியது என்று தாளிலேயே அளந்துவிடலாம். மொட்டைமாடியிலிருந்து எடுத்த படம் போதும். மறுநாள் காலை வகுப்பில் கணக்கு.

தொடங்க விரும்பும் பள்ளிக்கு என் யோசனை: சிறுகோளிலிருந்து தொடங்க வேண்டாம், குச்சியிலிருந்து தொடங்குங்கள். முதல் ஆண்டு நிழல். அளப்பதும் பிழையை எழுதுவதும் பழகியபின் படத் தொகுப்புகளுக்குப் போகலாம். நாளும் கைவசம் இருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் சூரியன் தெற்கே இறங்கும்போது திருப்பதிக்கு நேர்மேலே வருகிறது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி முடித்தபின் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால், பன்னிரண்டு பதினேழு வாக்கில் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே ஏறக்குறைய முழுதும் ஒடுங்கியிருப்பதைப் பார்க்கலாம். சித்தூரில் அது ஒன்றிரண்டு நாள் கழித்து நடக்கும், குப்பத்தில் மூன்று நாள் கழித்து. பருவ மேகம் மறைக்கக்கூடும் என்பதால் மூன்று ஊர்ப் பள்ளிகளும் 14 முதல் 20 வரை தினமும் அளக்க வேண்டும். எந்த ஊரில் வெயில் அடித்ததோ அந்த ஊரின் எண்ணை அன்று மாலையே மற்ற இரண்டுக்கும் அனுப்பிவிட வேண்டும்.